அருவி வரை போகாத நடை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில், நடைப்பயணக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவின் ஓர் அங்கமாக, மாணவிகளை அசலக்க அருகேயுள்ள ரத்ன எல்ல நீர்வீழ்ச்சிக்கு நடைப்பயணம் அழைத்துச் செல்லும் பொறுப்பு எங்கள் ஒன்பது பேரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி இருபது நிமிடங்கள் பேசும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து எங்களைக் கண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அருவியில் குளித்தீர்களா?" முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறோம். குளிக்கவில்லை. அதன் அடிவாரத்துக்குக்கூடப் போகவில்லை. அதன் இரைச்சலைக் கேட்டோம், மரங்களுக்கு மேலாக ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்தோம், திரும்பிவிட்டோம். ஏன் திரும்பினோம், யாருடைய சொல்லைக் கேட்டுத் திரும்பினோம் என்பதுதான் எங்கள் பேச்சு.

ஏன் ஒரு நடை என்று தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மணிக்கூண்டு, தண்ணீர்த் தாங்கி, இராப்போசன விருந்து என்று நல்ல யோசனைகள் வந்தன. நடை என்ற யோசனை எங்கள் வகுப்புத் தோழி ஒருவரின் பழைய ஆதங்கத்திலிருந்து வந்தது. நாங்கள் படித்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்விச் சுற்றுலா என்றால் நுவரெலியாதான். விடியற்காலையில் பஸ் ஏறுவோம். ரம்பொடை அருவியை யன்னல் வழியே பார்ப்போம். ஹக்கலைப் பூங்கா, சீதா எலிய கோவில், வாவிக்கரையில் கட்டுச்சோறு. தலவாக்கலைப் பக்கம் போனால் சென் கிளேயர், டெவன் இரண்டையும் வீதியோரத்தில் நின்று பார்ப்போம். "கீழே இறங்கக் கூடாது, வரிசையாய் நில்லுங்கள்" என்று மிஸ் சொல்லுவார். ஒரு படம் எடுப்போம், ஏறிவிடுவோம். பக்கத்து ஆண்கள் கல்லூரிகளின் சாரணர்கள் கூடாரம் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். நாங்கள் அருவியின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், அதன் நீரில் கைகூட நனைக்காதவர்கள். இன்று சென் கிளேயருக்கே நேரக் கணக்கு வந்துவிட்டது. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கியபின் அந்த அருவிக்குப் பகல் வேளையில் அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளாவது ஓர் அருவியைத் தம் காலால் நடந்துபோய்ப் பார்க்கட்டும் என்றுதான் இதை எடுத்துக்கொண்டோம்.

பெற்றோரின் சம்மதம் எளிதில் கிடைக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைகளைக் காட்டுக்கா கூட்டிப் போகப் போறீங்க?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். "அட்டை, பாம்பு, ஆறு, இதுக்கெல்லாம் யார் பொறுப்பு?" என்றார் ஒரு தாயார். இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி என்பதை இப்போது முன்னைவிட நன்றாக உணர்கிறோம். வீடு வீடாகப் போய்ப் பேசினோம். இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள், எல்லாரும் தரம் 10, தரம் 11 மாணவிகள். இரண்டு ஆசிரியைகளும் எங்களோடு வந்தார்கள்.

ஆறு சனிக்கிழமைகள் உடவத்தகலேயில் நடந்து பழகினோம். தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காட்டுக்குள், கண்டியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் அதுவரை கால் வைத்ததில்லை. ஏறத்தாழ 104 ஹெக்டேயர் காடு அது. மன்னர் காலத்தில் அரண்மனையின் மேல்தோட்டம். 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. நகரம் நாலு பக்கமும் நெருங்கிவந்த பிறகும் அது காடாகவே இருப்பதற்கு அந்த அறிவிப்புகள்தான் காரணம். தொடை பருமனான கொடிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பாலம் போட்டிருக்கும் பாதையில் பிள்ளைகள் ஓடினார்கள். முதற் சனிக்கிழமை இரண்டு கிலோமீற்றரில் மூச்சு வாங்கிய நாங்கள், ஆறாவது சனிக்கிழமை அவர்களுக்குப் பின்னால் ஓரளவு தாக்குப் பிடித்தோம். அட்டைக்கு உப்பா, தேசிக்காயா, சவர்க்காரமா, சித்தாலேபவா என்ற விவாதமும் அங்கேதான் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அட்டையைப் பிய்த்து இழுக்கக் கூடாது, அதன் வாயருகே நகத்தால் மெல்லத் தள்ளினால் தானே விடும் என்பதில் மட்டும் எல்லாரும் உடன்பட்டோம்.

போகும் மலையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஹந்தானையில் நின்று தெளிந்த காலையில் பார்த்தால், வடகிழக்கே மடக்கிய கையின் முட்டிக் கணுக்களைப் போல ஒரு மலைவரிசை தெரியும். அந்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலேய நில அளவையாளர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் தும்பறை மலைத்தொடர். ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை, அசலக்க ஓயா என்று அங்கே பிறக்கும் ஆறுகள் எல்லாம் மகாவலியில்தான் போய்ச் சேருகின்றன. மூக்கின் நுனியில் இலை போன்ற ஒரு தசையுடன் அங்கே ஓர் ஓணான் வகை இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் சிவனொளிபாதமலைக் காட்டையும் ஹோர்ட்டன் சமவெளியையும் நக்கிள்ஸ் பாதுகாப்புக் காட்டையும் சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது. கண்டி நகரம் 1988இலேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆக, நாம் ஒரு மரபுரிமையில் குடியிருந்துகொண்டு இன்னொரு மரபுரிமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காட்டுக்கு நம்மோடு ஓர் உறவும் உண்டு. நம்மில் பலருடைய பூட்டன் பூட்டிமார் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் எத்தனையோ பேர் மாண்டுபோனார்கள். வந்து சேர்ந்தவர்களின் கையில் கோப்பித் துரைமார் கொடுத்த முதல் வேலை காடு வெட்டுவதுதான். தும்பறைச் சரிவுகள் மொட்டையாகின. மலை உச்சிக் காடும் போனால் மழையும் ஆறும் போய்விடும் என்ற கவலை பிறந்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை அரசாங்கம் ஒதுக்கி வைத்தது. 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது, பிறகு தேயிலை வந்தது. மேலே எஞ்சிய காட்டில் ஏலமும் நட்டார்கள், அதுவும் பின்னர் தடுக்கப்பட்டது. இதையெல்லாம் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப காட்டை வெட்டினதும் நாங்களா, அக்கா?" வெட்டச் சொன்னவர் வேறு, கத்தி பிடித்த கை நம்முடையது என்று பதில் சொன்னோம். சொல்லும்போது எங்களுக்கும் கொஞ்சம் தொண்டை கட்டியது.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமையைத் தெரிவு செய்தோம். அங்கேதான் எங்கள் முதற் பிழை. மார்ச், ஏப்பிரல் மாதங்களில் மலைநாட்டில் காலை வெயில் எரிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடி இடித்து மழை கொட்டும். கண்டியில் இருக்கும் யாருக்கும் இது தெரியும். ஆனால் தவணை முடிவதற்குள் போக வேண்டும், புத்தாண்டுக்குப் பிறகு பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று நாட்காட்டியைப் பார்த்தோமே தவிர வானத்தை நினைக்கவில்லை. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

இரண்டாவது பிழை அந்தக் கணக்கையும் கைவிட்டது. ஐந்தரைக்குப் புறப்பட வேண்டிய பஸ் ஏழேகாலுக்குத்தான் புறப்பட்டது. சாரதி நேரத்துக்கு வந்திருந்தார், பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தாமதித்தது நாங்கள்தான். நூற்றாண்டுப் பதாகையைக் கட்ட வேண்டும், அதன் முன்னால் படம் எடுக்க வேண்டும், வராத ஒருவருக்காகக் காத்திருந்து மறுபடியும் படம் எடுக்க வேண்டும். இன்று இந்த மலரில் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, எங்கள் சிரித்த முகங்களின்மேல் எங்களுக்கே கொஞ்சம் கோபம் வருகிறது.

குண்டசாலை, திகன தாண்டி விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. 122 மீற்றர் உயர அணை கட்டி 1985இல் திறந்துவைத்த தேக்கம் அது. பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலங்களில் பழைய கட்டடங்களின் எச்சம் வெளியே தெரியும். எங்களில் ஒருவருடைய தகப்பனார் அந்த நகரத்தில் கடை வைத்திருந்தவர். பஸ் அந்த இடத்தைக் கடக்கும்வரை அவர் கண்ணாடியில் முகம் வைத்தபடியே வந்தார். ஹுன்னஸ்கிரியவில் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு பெயர்பெற்ற பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கத்தி எண்ணினார்கள். வீதியைத் திருத்தியதில் ஒரு வளைவு குறைந்துவிட்டது என்று சாரதி சொன்னதும், "பதினேழா? காசைத் திருப்பித் தாங்க" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். இறங்க இறங்கக் குளிர் போய் வெக்கை வந்தது. கீழே மகாவலிச் சமவெளி பச்சையாக விரிந்திருந்தது.

அசலக்கவில் தேநீர் குடித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, நடக்கத் தொடங்கும்போது மணி பதினொன்று. ஊரைச் சேர்ந்த ஒரு முதியவர் வழிகாட்ட வந்தார். பிள்ளைகள் அவரைச் சீயா என்று கூப்பிட்டார்கள். வயல் வரப்பு, பிறகு வீட்டுத் தோட்டங்கள், பிறகு மரநிழல். ரத்ன எல்ல கண்டி மாவட்டத்தின் உயர்ந்த நீர்வீழ்ச்சிகளில் ஒன்று. வயலில் நின்றபோதே மலைமுகத்தில் அது தெரிந்தது. கிட்டே போகப் போக மரங்கள் மறைத்துக்கொண்டு, சத்தம் மட்டும் வளர்ந்தது. எங்களுக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. பின்னால் நாங்கள் இறங்கிவந்த மலையின் தலையில் மட்டும் மேகம் கறுத்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் எங்களில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் "அது அங்கேதானே" என்று நினைத்துக்கொண்டோம்.

அருவிக்குப் பத்து நிமிடத் தூரத்தில் ஓடையைக் கற்களின் மேல் கால் வைத்துக் கடக்க வேண்டும். சீயாவும் பதினொரு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கடந்து மறுகரைக்குப் போய்விட்டார்கள். இக்கரையில் அடுத்த பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒரு பிள்ளை, அறுந்த செருப்பு வாரைக் கட்டுவதற்காக நீரோரத்தில் குந்தியிருந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. "அக்கா, தண்ணி கலங்கி வருது" என்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தோம், தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து நின்று உரத்துச் சொன்னாள்: "அக்கா, தண்ணி நெறம் மாறுது. எல, குச்சியெல்லாம் வருது. யாரையும் எறங்க விடாதீங்க!"

அதற்கு எங்களில் ஒருவர் சொன்ன பதிலை மறைக்காமல் இங்கே சொல்ல வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். "இன்னும் பத்து நிமிஷந்தானே மகள், போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்திடலாம்." மற்ற எட்டுப் பேரும் அதை மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஆகவே அது ஒன்பது பேரும் சொன்ன பதில்தான்.

அவள் எங்களோடு வாதாடவில்லை. கையை உயர்த்தி மறுகரையில் நின்ற சீயாவைக் கூப்பிட்டு, தண்ணீரைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ஒரு கை அள்ளினார். "யமு, ஆபஹு யமு" என்றார். போவோம், திரும்பிப் போவோம். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கடந்துபோன பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் செய்து ஒவ்வொருவராக இக்கரைக்குக் கொண்டுவந்தார். முதலாவது பிள்ளை காய்ந்த கல்லில் கால் வைத்து வந்தாள். கடைசியாக வந்த ஆசிரியைக்குக் கல்லின் மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர். உடனே மேட்டுப் பாதையில் ஏறினோம். இருபது நிமிடம் கழித்து மேலிருந்து பார்த்தோம். கற்களைக் காணவில்லை. காலையில் கண்ணாடிபோல் இருந்த ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஒரு மரக்கிளையை உருட்டிக்கொண்டு போனது. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில். ஒரு துளி மழை விழவில்லை.

பிள்ளைகள் சிலர் அழுதார்கள். பயத்தில் சிலர், ஏமாற்றத்தில் சிலர். "கிட்ட வந்தும் பார்க்கல" என்று ஒருத்தி பஸ்ஸில் ஏறிய பிறகும் முணுமுணுத்தாள். பதினெட்டு வளைவில் ஏறும்போது யாரும் எண்ணவில்லை. ஹுன்னஸ்கிரியவில் மழை இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. கீழே நாம் கண்ட வெள்ளம் எங்கிருந்து வந்தது என்பதை அப்போது எல்லாரும் யன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளையிடம், "உனக்கு எப்படி மகள் தெரிந்தது?" என்று கேட்டோம். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவள் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவள். லயத்துக்கும் பஸ் வரும் வீதிக்கும் நடுவில் ஓர் ஓடை. பாலம் இல்லை. தரம் 1 முதல் கற்களின் மேல் கால் வைத்துத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறாள். "தண்ணி நெறம் மாறினா கால் வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. மேல மழன்னா கீழ வெயிலா இருந்தாலும் வரும்." மழைக் காலத்தில் அவள் வரவுப் பதிவேட்டில் ஏன் இத்தனை சிவப்புக் கோடுகள் என்று வகுப்பாசிரியைக்கு அன்றுதான் விளங்கியது. அவளை வழியனுப்ப அன்று காலை அவளுடைய தாயார் கல்லூரி வாசல்வரை வந்திருந்தார். அன்றைய பேரை விட்டுவிட்டு வந்தார் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வாசலில் அவரிடம் நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பயப்படாதீங்கம்மா, நாங்க பார்த்துக்கொள்ளுவோம்." கடைசியில் எங்களைப் பார்த்துக்கொண்டது அவருடைய மகள்.

சகோதரிகளே, பெண் பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டப் போகிறோம் என்று பெருமையோடு புறப்பட்டோம். அவர்களில் ஒருத்திக்குக் காடும் ஆறும் ஏற்கனவே தெரியும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிட, பெண்களின் குரலைக் கேட்கிறார்கள் இல்லை என்று வாழ்நாளெல்லாம் குறைப்பட்ட நாங்கள், ஒரு பெண் பிள்ளை முதல்முறை சொன்னபோது கேட்கவில்லை. இந்த இரண்டையும் நூற்றாண்டு மலரில் எழுதி வைக்க வேண்டும் என்றே இந்த உரையை எழுத்தில் தருகிறோம்.

இனி, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் சில விடயங்கள்.

அருவிக்கு நடப்பதாக இருந்தால் விடியலில் தொடங்கி மத்தியானத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். இடிமழை மாதங்களில் இது மிக அவசியம். புறப்படத் தாமதித்தால் அன்றைய பயணத்தைக் குறுக்க வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. பார்க்க வேண்டிய வானம் தலைக்கு மேலே உள்ளதல்ல, ஆறு பிறக்கும் மலைக்கு மேலே உள்ளது. தெளிந்த நீர் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, காய்ந்த கல் நனைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். நடு ஆற்றுப் பாறையில் ஏறி நின்று வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மறுகரையில் அகப்பட்டால் அங்கேயே மேட்டில் இருக்க வேண்டும், கடக்க முயலக் கூடாது.

அருவியின் அடித் தடாகம் நீச்சல் தெரிந்தவரையும் ஏமாற்றும். விழும் நீர் அங்கே பாறையைக் குடைந்து பள்ளமாக்கியிருக்கும், ஆழம் மேலிருந்து தெரியாது. நுரை நிறைந்த நீரில் காற்றுக் குமிழிகள் அதிகம், அது உடலைச் சாதாரண நீரைப்போலத் தாங்காது. சுழல் நீர் ஆளை மறுபடியும் அருவியின் அடிக்கே இழுக்கும். பாசி படிந்த பாறை சவர்க்காரம் போல வழுக்கும். மேலிருந்து குதிப்பதையும் அருவியின் தலையில் விளிம்பில் நின்று படம் எடுப்பதையும் முற்றாக விலக்க வேண்டும். நம் நாட்டு அருவிகளில் இளம் உயிர்கள் போன செய்திகளை ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கிறோம். அவற்றில் பல, "இன்னும் கொஞ்சந்தானே" என்ற சொல்லில் தொடங்கியவை.

ஊரறிந்த ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். பாதுகாப்புக் காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டிலும் பாடசாலையிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. இந்த மூன்று இலக்கங்களையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருங்கள். மலைக்குள் சிக்னல் கிடைக்காத இடம் அதிகம் என்பதால், கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்தையும் நினைவில் வைத்திருங்கள். கொண்டுபோன சொப்பிங் பையும் பிஸ்கட் உறையும் உங்களோடு திரும்பி வர வேண்டும். நாங்கள் திரும்பும் வழியில் மேட்டில் மழைக்காகக் காத்திருந்தபோது, பிள்ளைகள் மற்றவர்கள் விட்டுப்போன குப்பையை இரண்டு உரப்பைகள் நிறையப் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். அன்றைய நாளில் முழுமையாக நிறைவேறிய வேலை அது ஒன்றுதான்.

"இனி இப்படிப் பயணங்களே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய பயத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. அந்தப் பிள்ளை ஆற்றை அறிந்தது ஆற்றங்கரையில் வளர்ந்ததால். மற்ற இருபத்தொரு பேரையும் யன்னல் வழியே மட்டும் அருவி பார்க்க வைத்தால், அவர்கள் ஒருநாள் தோழிகளோடு தாமாகப் போகும்போது யார் சொல்லிக் கொடுப்பார்? அன்று முணுமுணுத்த அதே பிள்ளை கடந்த வாரம் எங்களிடம் வந்து, "அடுத்த முறை ஐந்து மணிக்கே வாறோம் அக்கா, படம் திரும்பி வந்து எடுப்போம்" என்றாள். ஆகவே ஆண்டுதோறும் ஒரு நடை இருக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். முதற் பயிற்சி உடவத்தகலேயில், மழை குறைந்த மாதத்தில், விடியலில். சரியான சப்பாத்து இல்லாத பிள்ளைகளுக்குச் சங்கம் சப்பாத்து வாங்கித் தர வேண்டும். அறுந்த செருப்போடு ஒரு பிள்ளை வந்ததை நாங்கள் புறப்படும்போதே கவனித்திருக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள், இதுதான் முக்கியம். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதி இன்னும் ஒதுக்கப்படாமல் இருப்பதாகப் பொருளாளர் சொன்னார். அந்த லயத்துக்கும் வீதிக்கும் இடையில் உள்ள ஓடைக்கு ஒரு நடைபாலம் வேண்டும். ஐந்தடி அகலம் போதும். செலவு எவ்வளவு, யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று விசாரித்து ஒரு மடலை நிர்வாகக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். எங்கள் பழைய மாணவிகளில் பொறியியலாளர் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், பிரதேச செயலகங்களில் கடமையாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மணிக்கூண்டு கட்டினால் நம் பெயரைப் பொறிக்கலாம், உண்மைதான். பாலம் கட்டினால் மழைக் காலத்திலும் ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பாள். அவளுக்குப் பின்னால் அந்த லயத்திலிருந்து இன்னும் பதினான்கு பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும், கூட வந்த இரு ஆசிரியைகளுக்கும், கூலி வாங்க மறுத்து ஒரு பொதி வெற்றிலை மட்டும் ஏற்றுக்கொண்ட சீயாவுக்கும், பொறுமையோடு காத்திருந்த சாரதிக்கும் நன்றி. நீரோரத்தில் குந்தியிருந்து, கேட்காத எங்களிடம் இரண்டாவது முறையும் சொன்ன தங்கைக்கு எங்கள் நன்றியும் மன்னிப்பும். அவள் இந்த மண்டபத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்து அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பாலத்துக்கான பட்டியல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.